ரத்தம் பார்க்க வேண்டாத படிப்பு

இஞ்சிவிளை சஜனுக்கு ரத்தம் ஆகாது. பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவன் ஒருவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியபோது, எல்லோரும் சேர்ந்து ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனது சஜனைத்தான். மூக்கில் ரத்தம் வந்தவன் சஜனின் இரண்டு காலையும் பிடித்திருந்தான்.

அவனுடைய அம்மா புஷ்பபாய் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவர், பன்னிரண்டு வருடமாக வக்கீல்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"வக்கீலுக்கு மேட மாச வெயிலுலயும் கறுப்புக் கோட்டு. ஆஸ்பத்திரின்னா ஏசி உண்டு. நீ ஆஸ்பத்திரிக்குத்தான் போணும் மக்கா."

நர்சிங் என்றால் ஊசி. லேப் என்றால் முழுக்க ரத்தம். எக்ஸ்ரே படிப்புக்கு இடம் தீர்ந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்த ஒரு கல்லூரியின் அலுவலகத்தில், மீதி இருக்கும் ஒரே படிப்பின் பெயரைக் கிளார்க் வாசித்தார்: ரெஸ்பிரேட்டரி தெரபி. நாலு வருடம். மூச்சு சம்பந்தப்பட்டது.

சஜன் கேட்டது ஒரே கேள்வி. "சார், இதுல ரத்தம் உண்டா?"

"இதுல ஏதுப்பா ரத்தம்? எல்லாம் காத்துதான்."

அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், "நம் சபையின் பிள்ளை சஜன் ரெஃப்ரிஜிரேட்டர் தெரபி படிக்கப் போகிறான்" என்று அறிவித்து ஜெபித்தார். திங்கட்கிழமை காலையில் ஒருவர், ஃப்ரிட்ஜில் குளிர் நிற்கவில்லை என்று வீடு தேடி வந்தார். பாறசாலை ஜங்ஷனில் விறகடுப்பில் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுத்து விற்கும் ரத்னபாய் மாமிக்கு மட்டும் விஷயம் சரியாகப் புரிந்திருந்தது. அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"மூச்சு விட நாலு வருசம் படிக்கணுமாலே? எனக்க பசுவுக்க கன்னு பொறந்த அன்னைக்கே விட்டுச்சே. அது எந்த காலேஜுல படிச்சு?"

சொல்லிவிட்டு மாமி சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முதல் வருடம் நன்றாகவே போயிற்று. நுரையீரல் படம் வரைந்தான், வென்டிலேட்டரின் பொத்தான்களைப் படித்தான். இரண்டாம் வருடம் ஒரு நாள் பேராசிரியர் ஒரு சிறு சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டு நாடியில் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும், அதில் ஆக்சிஜன் எவ்வளவு, கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்துத்தான் வென்டிலேட்டரைத் திருப்ப வேண்டும், இது உங்கள் தினசரி வேலை என்றார். 'தினசரி' என்ற சொல் சஜன் காதில் விழுந்தது. அதன் பிறகு சஜன் விழுந்தான்.

கண் விழித்தபோது காட்டாக்கடையைச் சேர்ந்த வகுப்புத் தோழி லிஷா ரெக்கார்டு நோட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து நேராக அம்மாவைப் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, நான் வாறேன்."

"லீவா?"

"இல்ல. படிப்பு வேண்டாம். இதுல ரத்தம் உண்டு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷின் நின்றது. பிறகு, "எவ்வளவு உண்டு?" என்றார் புஷ்பபாய்.

"ஒரு மில்லி."

"ஒரு மில்லியா! நம்ம வீட்டு கொசு அதைவிடக் கூடுதலு எடுக்கும். படிச்சிட்டு வா."

அந்த மாதத்தில் ஏழு முறை விழுந்தான். அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கும்படி பேராசிரியர் சொல்லிவிட்டார். கடைசியில் வழி சொன்னவள் லிஷாதான். "நீ எதுக்கு ரத்தத்தைப் பாக்கே? கண்ண மூடிட்டு முதல்ல விரலால நாடியத் தேடு. ஊசி போடும்பம் ஊசிய மட்டும் பாரு. பின்னே சிரிஞ்சு லேபிள வாசி."

கண்ணை நம்ப முடியாதவன் விரலை நம்பப் பழகினான். மற்றவர்கள் மூன்று தடவை குத்தும் இடத்தில் அவன் ஒரே தடவையில் நாடியைப் பிடித்தான். நான்காம் வருடம் ஜூனியர்கள் கஷ்டமான கைகளுக்கெல்லாம் அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டூலில் அப்போது வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு புதன்கிழமை மதியம், உதடு நீலமாகி, நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். டாக்டர் தொண்டையில் குழாய் போட்டார். சஜன் வென்டிலேட்டரை மாட்டினான். பெயர்ச் சீட்டைப் படித்த பிறகுதான் அது ரத்னபாய் மாமி என்று அவனுக்குத் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

நாலு நாள் மாமி மிஷினில் கிடந்தார். ஒவ்வொரு காலையும் சஜன் அவர் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்து ரத்தம் எடுத்தான். கரியமில வாயு இறங்கினால் மிஷினின் உதவியைக் கொஞ்சம் குறைப்பான். ஏறினால் திரும்பக் கூட்டுவான். மூன்றாம் நாள் ஏறியது. அன்று தன் ஷிப்ட் முடிந்தும் ரயிலை விட்டுவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே நின்றான்.

ஐந்தாம் நாள் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். "மாமி, கையப் பிடிங்க. தலையத் தூக்குங்க" என்றான். இரண்டும் செய்தார். அரை மணி நேரம் சொந்தமாக மூச்சு விட்டார். டாக்டர் தலையசைத்ததும் சஜன் குழாயை எடுத்தான். மாமி இருமினார், விழித்தார், சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்தார்.

"எலே... எனக்க பல்லு செட்டு எங்க?"

நர்சுகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சஜன் சுவர்ப் பக்கம் திரும்பி மானிட்டர் ஒயரைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்தான்.

வார்டுக்கு மாற்றியபின், இழுப்புக்கு ஒரு வருடம் முன்பு டாக்டர் தந்த மருந்தை வீட்டில் எப்படி எடுத்தார் என்று மாமியிடம் கேட்டான்.

"ஒரு நாளும் முடக்கியதில்ல. காலத்த ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு." மாமி மாத்திரைக் குப்பியைத் திறந்து, உள்ளே இழுக்க வேண்டிய பொடி அடைத்த கேப்சூல் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, தண்ணீருக்குக் கை நீட்டினார்.

"விழுங்காதீங்க மாமி! இதுகூட ஒரு சின்ன மிஷின் தந்திருப்பாங்களே?"

"உண்டு உண்டு. அதுல கம்மல் இட்டு வச்சிருக்கேன்."

ஒரு வருட மருந்து வயிற்றுக்குப் போயிருந்தது. நுரையீரலுக்குப் போனது விறகுப் புகை மட்டும். சஜனுக்கு மாமி மேல் கோபம் வரவில்லை. ஒரு தடவைகூட யாரும் செய்து காட்டாமல் அனுப்பியிருக்கிறார்களே என்றுதான் வந்தது. அப்படியானால் ஊரில் இன்னும் எத்தனை பேர்?

போதகரிடம் சொல்லி, இழுப்பு உள்ளவர்கள் எல்லாம் மருந்தோடு அடுத்த மாதம் முதல் ஞாயிறு சபை ஹாலுக்கு வரும்படி அறிவிக்க வைத்தான். இருபத்துமூன்று பேர் வந்தார்கள். பதினொரு பேர் கேப்சூலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மிஷினுக்குள் ஊதினார். ரெத்தினதாஸ் என்பவர், வாயில் அடிக்க வேண்டிய ஸ்ப்ரேயை அறையின் நாலு மூலைக்கும் அடிப்பாராம். "ரூமு முழுக்க அடிச்சா எப்படியும் மூச்சுல போவும்லா?" கடைசியாக வந்த சஜி மூடியைக் கழற்றாமலே ஸ்ப்ரேயை வாயில் வைத்து அழுத்திக் காட்டினார். "ஆறு மாசமாச்சு, இன்னும் தீரல. நல்ல கம்பெனியாக்கும்."

சஜன் மெல்லிய குரலில் விளக்கினான். யாரும் கேட்கவில்லை. வீடு திரும்பி பத்து நாளே ஆகியிருந்த ரத்னபாய் மாமி எழுந்தார்.

"உதட்ட இறுக்கு! இழு! பத்து எண்ணுத வரை விடாண்டாம்! எலே ரெத்தினதாசே, ஒனக்குத்தான்!"

ரெத்தினதாஸ் பதினைந்து வரை விடவில்லை.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு இது நடக்கிறது. லிஷா இப்போது சஜனின் மனைவி. நகரில் வேறொரு ஆஸ்பத்திரியில் அதே வேலை செய்கிறாள், ஞாயிறுகளில் வந்து மூச்சின் பலத்தை ஊதிப் பார்க்கும் கருவியைப் பிடித்துக்கொள்கிறாள். மாமி விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறிவிட்டார். போன மாதம் அதியன்னூர் கோயில் கமிட்டிச் செயலாளர் தாணுமாலயன், "எங்க ஆளுவளுக்கும்தானே இழுக்குது?" என்று கேட்டு, கோயில் மண்டபத்தில் முகாம் வைத்தார். சிறப்பு விருந்தினர் ரத்னபாய் மாமி. இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். மாமி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். கூட்டம் மணி பார்த்தது, செயலாளர் இரண்டு தடவை மைக் பக்கம் போய்விட்டுத் திரும்பினார். பின்வரிசையில் சஜன் மட்டும், முன்பு ஒரு சிரிப்புக்கே இருமிய மாமி இப்போது ஒரு மூச்சில் எத்தனை வாக்கியம் பேசுகிறார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.