பேஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்

“...அதனால வர்ற முகூர்த்தத்துக்கு வேற புள்ளையப் பாத்துக்கங்கண்ணே. சுருதியில நிக்காதவ எதுக்கு மேடையில நிக்கணும்?” என்று எங்கள் பாடகி முடித்தபோது, கீபோர்டில் இருந்த அண்ணன் விரல்களை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

திருநகரில் ஒரு மொட்டை மாடி, மேலே சிமெண்ட் ஷீட். கல்யாண வீடுகளில் வாசிக்கும் எங்கள் சின்னக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் ஒத்திகை பார்க்கும். மதியம் மூன்று மணி, கூரை கொதித்தது. பாடகி நாகமலை புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். “ஆறு நாளும் மிஷின் சத்தம்ண்ணே, ஏழாவது நாள்தான் என் சத்தம்” என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஏழாவது நாளைத்தான் இப்போது விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்.

“நான் என்ன செய்ய தாயி? மூணு வாரமாச் சுருதி மேல ஏறிக்கிட்டே போகுது. கீபோர்டு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். கேக்குறவன் காதுல பஞ்சா வச்சிருப்பான்?” என்றார் குழுவை நடத்தும் அந்த அண்ணன்.



நான் வாசிப்பது பேஸ், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுரம். பழைய மாதிரி அனலாக் சின்தசைசர். உள்ளே சத்தத்தை உண்டாக்கும் இரண்டு ஆசிலேட்டர்கள், ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடும். அச்சு அசலாக ஒன்றுபோலப் பாடினால் சத்தம் கட்டை மாதிரிக் கிடக்கும். ஒன்றை மயிரிழை மேலே தள்ளிவிட்டால் உயிர் வந்துவிடும். ஒன்று விநாடிக்கு ஐம்பத்தைந்து முறையும் மற்றது ஐம்பத்தாறு முறையும் அதிர்ந்தால், மிஞ்சிய அந்த ஒன்று விநாடிக்கொரு தரம் எழுந்து தணியும் அலையாகிவிடும். காளவாசல் சிக்னலில் இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்று உறுமும்போது, அந்த உறுமல் தானாக ஏறி இறங்குமே, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தவருக்குக் கண் சொக்குமே, அதுதான். என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டுவிட்டு, “பெட்டிக்குள்ள யாரோ தூங்குறாக” என்றாள். அந்தத் தூக்கத்தில் நானும் மிதந்துகொண்டே எத்தனையோ மண்டபங்களில் வாசித்திருக்கிறேன்.

ஆனால் அதற்குச் சூடு ஆகாது. வெயில் ஏற ஏற, என் பெட்டியில் இரண்டாவது ஆசிலேட்டர் இன்னும் மேலே நகரும். மெதுவாக மூச்சுவிட்ட அலை படபடக்கும். மேல் ஸ்தாயிக்குப் போனால் படபடப்பு இரட்டிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத்தான் காது சுரம் என்று எடுத்துக்கொள்கிறது, அந்த நடுவும் கூடவே ஏறிவிடும். மூன்று வாரமாக அலை வேகமாவது எனக்குத் தெரியும். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தேன்.

பாடகி நிற்கும் இடத்தை அப்போதுதான் கவனித்தேன். என் ஸ்பீக்கரை ஒட்டி. அவர் காதில் நிறைந்தது கீபோர்டு இல்லை, நான்.

“அண்ணே, புள்ள மேல தப்பில்ல. ஏறுனது என் பெட்டி. அது என் பின்னாடியே வந்திருக்கு” என்றேன்.

“என்னய்யா உளர்ற?”

இரண்டாவது ஆசிலேட்டரை அணைத்தேன். “இப்ப ஒரு நாலு வரி பாடச் சொல்லுங்க.”

கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பாடினார். கீபோர்டின் மேல் குரல் அப்படியே உட்கார்ந்தது. அண்ணன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “அடப்பாவி! அப்ப மூணு வாரமா நான் ஆள் மாத்தியா வஞ்சுக்கிட்டு இருந்தேன்?”

“இனிமே ஒத்த ஆசிலேட்டர்தான். மன்னிச்சுக்கம்மா” என்றேன் பாடகியிடம்.

“அது வேணாம்ண்ணே” என்றார் அவர். “வெறும் தகரமா இருக்கு. இம்புட்டு நாளா அந்த அலை மேலதான் நின்னு பாடுனேன். எதைத் திருகுவீங்க?”

இரண்டாவதை மறுபடி உயிர்ப்பித்து, குமிழைக் காட்டினேன். ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தேன். அவர் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலது கையால் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் திருப்பினார். படபடப்பு தணிந்து, நீண்டு, ஒரு மூச்சளவுக்கு வந்தது. அங்கே கையை எடுத்தார். என் ஸ்பீக்கரை விட்டுக் கீபோர்டுப் பக்கமாக இரண்டடி தள்ளிப் போய் நின்று, அண்ணன் சுருதி கொடுக்கும் முன்பே பல்லவியை முதலிலிருந்து எடுத்தார்.