மாடும் கோழியும் ஒரே ஜாதி

1991-இல், என்னை நம்பி வந்த ஒரு பெண்ணின் ஆராய்ச்சியை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். அவர் நேருக்கு நேர் கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

இதைச் சொல்லும்போது என் தலை குனிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். குனியவில்லை. அன்று நான் செய்ததில் ஒரு பாதியை இன்றைக்கும் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். இன்னொரு பாதி இதுவரை யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு ஊர் பிள்ளைப்பாக்கம். ஏரித் தண்ணீரை நம்பி அப்பா நெல் வைத்தார். நான் காஞ்சிபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை ஏதும் அமையாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான்தான். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

அந்தத் தை மாதம் நந்திதா வந்தார். கல்கத்தாக்காரர். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் தங்கி, தினமும் டவுன் பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வருவார். அவருடையது புத்தகத் தமிழ். "தங்கள் இல்லத்தில் அனைவரும் நலமா?" என்று கேட்டால் தெருவே சிரிக்கும். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதிக்கு நான். கூட நடந்து, கேட்பதைப் புரியவைத்து, பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அவர் தேடியது இதுதான்: மனித மனம் எல்லா ஊரிலும் உலகத்தை ஒரே மாதிரிதான் பிரித்துப் பார்க்கிறதா? அல்லது நாம் பிறந்து வளர்ந்த இடம்தான் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறதா? அதற்காகச் சின்னச் சின்ன அட்டைகளில் அவரே படம் வரைந்து வண்ணம் தீட்டி வைத்திருந்தார். மூன்று படங்களைக் காட்டுவார். எந்த இரண்டு சேரும், ஏன் சேரும்? அவ்வளவுதான் கேள்வி.

முதலில் என் குப்பம்மா அத்தையிடம் அழைத்துப் போனேன். அப்பாவின் தங்கை, கணவர் போன பிறகு மகள் மல்லிகாவோடு எங்கள் அடுத்த வீட்டில் இருந்தாள். மாடு, கோழி, புல் என்று மூன்று படங்களை நந்திதா தரையில் வைத்தார்.

அத்தை யோசிக்கவே இல்லை. "மாடும் புல்லும்."

"ஏன்?"

"இன்னா கேள்வி இது? புல்லு இல்லாம மாடு இன்னா பண்ணும்? கோழி அதும்பாட்டுக்குக் கிளறித் தின்னுகினு கெடக்கும்."

நந்திதா மலர்ந்துபோனார். தெரு முழுக்க அதே மாதிரிதான் பதில் வந்தது. நெல்லோடு உலக்கையைச் சேர்த்தார்கள். தாயோடு தொட்டிலைச் சேர்த்தார்கள். அவருக்கு மகிழ்ச்சி ஏற ஏற, எனக்குள் ஏதோ சுருங்கிக்கொண்டே போனது. மாடும் கோழியும் பிராணிகள், புல் தாவரம் என்று சொல்லத் தெரிந்தவள் நான். என் ஜனங்கள் இப்படிச் சொல்லி என் மானத்தை வாங்குகிறார்களே என்று தவித்தேன்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டேவிட்டேன். "எங்க ஊரைப் பத்தி என்னக்கா எழுதப்போறீங்க?"

"இங்கே மக்கள் இனத்தைப் பார்ப்பதில்லை சரசா, உறவைப் பார்க்கிறார்கள். இத்தகைய பதிலைச் சில அறிஞர்கள் குழந்தைத்தனம் என்று எழுதிவிட்டார்கள். அது தவறு என்று நான் நிறுவ வேண்டும்."

உங்களுக்குப் புரிகிறதா? அவர் எங்கள் பக்கம் நின்று பேசிய மனுஷி! அன்று என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்... குழந்தைத்தனம். மற்றது எதுவும் உள்ளே போகவில்லை. கல்லூரியில் என்னோடு படித்த டவுன் பெண்கள் என் பேச்சைக் கேட்டு உதட்டைக் கடித்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அறிஞர்களும் அப்படித்தான் சிரிக்கிறார்களா?

அந்தச் சமயத்தில்தான் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கம்பெனி திறக்கப்போவதாகப் பேச்சு வந்தது. வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. பெண் பிள்ளைகள் போதும், பத்தாவது போதும் என்றார்கள். மல்லிகா ஆசையோடு பரீட்சைக்குப் போனாள். சாயங்காலம் முகம் செத்துத் திரும்பினாள்.

"படம் போட்டுக் கேட்டாங்கோ சரசக்கா. மம்முட்டி, அருவா, நெல்லுக்கதிரு, சுத்தி. இதுல சேராதது எதுன்னு. நான் சுத்தின்னு சொன்னேன். கழனிக்கு வேண்டாதது அது ஒண்ணுதானே? தப்புன்னுட்டாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதிரைத்தான் எடுத்திருக்க வேண்டும், மற்றவை மண்வெட்டி, அரிவாள், சுத்தியல் என்று கருவிகள். நந்திதாவின் கேள்விதான் அது, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நந்திதாவிடம் தப்பு என்று ஒன்று கிடையாது. கம்பெனிக்காரனிடம் உண்டு.

"அடுத்த மாசம் திரும்ப எடுப்பாங்களாம்," என்றாள் மல்லிகா. "அதுவும் போச்சுன்னா அம்மாவோட சூளைக்குக் கல்லு அறுக்கப் போவ வேண்டியதுதான்."

செங்கல் சூளையில் நின்று நின்று அத்தையின் கால்கள் வீங்கியிருப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நந்திதாவுக்கு ஊரிலிருந்து தகவல் வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. கிளம்பும் அவசரத்திலும் அட்டைகளை எண்ணெய்த் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "இவற்றை யாரிடமும் காட்டாதே சரசா. நான் இன்னும் கேட்காதவர்கள் பலர். அவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டால் எல்லாம் வீண்." என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். அந்த நிமிஷத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம் காலியாகத்தான் கிடந்தது. மல்லிகாவையும் பத்தாவது முடித்த மற்றப் பெண்களையும் அழைத்து உட்காரவைத்தேன். எண்ணெய்த் துணியை அவிழ்த்தேன்.

பட்டம் வாங்கிய நாளில்கூட என்னை அவ்வளவு படித்தவளாக நான் உணர்ந்ததில்லை.

எப்படிச் சொல்லியும் முதலில் ஏறவில்லை. இனம் என்றேன், வகை என்றேன்; விழித்தார்கள். மாட்டையும் புல்லையும் பிரிக்க அவர்களுக்கு மனமே வரவில்லை. கடைசியில் மல்லிகாதான் கண்டுபிடித்தாள்.

"இன்னாக்கா சொல்ற? யாருக்கு யாரு வேணும்னு பாக்கக்கூடாது. யாரு இன்னா ஜாதின்னு பாக்கணும். அதானே?"

கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மல்லிகைப் பூவிலும் ஜாதி உண்டு, அரிசியிலும் ஜாதி உண்டு. அந்த அர்த்தத்தில்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒருவருக்கு ஒருவர் வேண்டும் என்பதை மறந்துவிட்டு, யார் என்ன ஜாதி என்று பார்... இதையா நான் படிப்பு என்று கற்றுக்கொடுக்கிறேன்? ஒரு கணம்தான். பிறகு, "அதேதான்," என்றேன்.

அதன் பின் வெள்ளமாய்ப் போயிற்று. படங்களை நானும் வரைந்தேன். பெண்கள் வீட்டுக்குப் போய்த் தம்பி தங்கைகளிடம் கேட்டார்கள். பம்புசெட்டுத் தொட்டியில் துணி துவைக்கும் இடத்தில் அது விளையாட்டாகிவிட்டது. சோப்பு, தேங்காய் நார், துணி... எது எந்த ஜாதி? ஊரே கேட்டு ஊரே பதில் சொன்னது.

பரீட்சை எழுதப் போன எங்கள் பெண்களில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. வேலைக்கு எடுத்த முதல் நாள் கம்பெனி பஸ் ஊருக்குள் வர, நீலச் சட்டை மாட்டிக்கொண்டு மல்லிகா ஏறினாள். அத்தை பஸ் போன பிறகும் சாலையில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காட்சிக்காக நான் இன்னும் எத்தனை பேரின் ஆராய்ச்சியை வேண்டுமானாலும் கெடுப்பேன். ஆமாம். அப்படித்தான் சொல்கிறேன்.

நந்திதா திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. இளைத்துப்போயிருந்தார். அப்பாவின் காரியங்களை முடித்துவிட்டு நேராக எங்கள் ஊருக்குத்தான் வந்திருந்தார். அட்டைகளை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நானும் கூடவே நடந்தேன்.

யாரைக் கேட்டாலும் பதில் அம்புபோல வந்தது. அவர் முகத்தில் முதலில் வியப்பு, பிறகு குழப்பம். கடைசியில் பழையவர்களையே மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று அத்தை வீட்டுக்குப் போனார். மாடு, கோழி, புல்.

அத்தை அட்டையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் பெருமிதம் அவள் முகத்தில் இருந்தது.

"மாடும் கோழியும். ரெண்டும் ஒரே ஜாதி. இது புல்லு, இத்த வெளிய வையி."

"அன்று வேறு மாதிரி சொன்னீர்களே அம்மா," என்றார் நந்திதா மெல்ல.

"அன்னிக்குத் தெரியாம சொல்லிட்டேன் கண்ணு. அறிவு கெட்டவ."

நந்திதா அட்டைகளை அடுக்கினார். தெருவுக்கு வந்து வேப்பமரத்து நிழலில் நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் அப்பாவின் நினைவா, இதுவா என்று எனக்குத் தெரியவில்லை.

"சரசா, நான் இல்லாதபோது ஏதாவது நடந்ததா?"

கேட்டாரே! எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாரே! நடந்ததைச் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? கோபித்திருப்பார். ஒருவேளை, ஒரே மாதத்தில் ஓர் ஊரின் மனம் எப்படிப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டது என்று அதையே எழுதியிருப்பார். அவர் தேடி வந்த கேள்விக்கு அதைவிட நல்ல விடை ஏது? இந்த யோசனை எனக்கு வர வருஷங்கள் ஆயின. அன்று நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: கம்பெனிக்குத் தெரிந்தால் பெண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவர் கண்ணில் நான் தாழ்ந்துவிடக் கூடாது என்பதும் இருந்தது. அதுதான் அதிகமோ?

"ஒண்ணும் நடக்கலக்கா," என்றேன்.

அவர் தலையசைத்தார். என்னைச் சந்தேகிக்கவே இல்லை. தன்னைச் சந்தேகித்தார்.

"அப்படியென்றால் தவறு என்னுடையது. நான் காண விரும்பியதைக் கண்டிருக்கிறேன். உங்கள் மொழியும் எனக்குச் சரியாகப் புரியவில்லை."

சில நாள்களில் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். "உன்னால்தான் இவ்வளவு தூரம் முடிந்தது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு எனக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுத ஓர் இளைஞர் வந்தார்; நந்திதா படித்த அதே பல்கலைக்கழகம். அவரைத் தெரியுமா என்று கேட்டேன். "பாதியிலேயே விட்டுட்டுப் போனவங்கதானே? களத்துல திரட்டினதுல அவங்களுக்கே நம்பிக்கை இல்லன்னு சொல்வாங்க," என்றார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். காபி கொடுத்து அனுப்பினேன்.

போன ஆவணியில் மல்லிகாவின் மகளுக்குக் கல்யாணம், மணிமங்கலத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில். மல்லிகா சூப்பர்வைசராகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்று சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பட்டுப் புடவையும் பேரப்பிள்ளையுமாக. என்னை மேடைக்கு இழுத்துப் போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். "இவங்க இல்லன்னா நாங்க இல்ல," என்று மைக்கில் சொன்னாள் மல்லிகா. கைதட்டல் எழுந்தது. நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு உரியதுதான் அது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மல்லிகா என் காதருகே குனிந்தாள். "அந்தக் கல்கத்தா அக்கா இப்ப எங்க கீறாங்கோ? அவங்களயும் இன்னிக்கு அழைச்சிருக்கலாம். அவங்கதானே உங்க கையில படத்தக் குடுத்துப் பாடம் நடத்தச் சொன்னாங்கோ?"

இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்! நான் எப்போது அப்படிச் சொன்னேன்? சொல்லித்தான் இருக்க வேண்டும்...

"தெரியல மல்லிகா," என்றேன்.

அவள் மைக்கை என்னிடம் நீட்டினாள். எதிரே அத்தனை முகங்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். நான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்திவிட்டு, எல்லாம் இவர்களுடைய உழைப்பு என்று சொல்லி இறங்கினேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

தேடினால் அவர் கிடைப்பார். தேடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் வருத்தப்பட வேண்டும். அந்த நீலச் சட்டைகளை நினைத்தால் எனக்கு வருத்தமே வரவில்லை. வேப்பமரத்தடியில் தன்னையே சந்தேகித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நினைத்தால், வருத்தம் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

உங்களிடமாவது முழுவதையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. அவர் பெயர் நந்திதா இல்லை.