சென்னியப்பனின் பதினோரு ஆல்பங்கள்

1. வியாழக்கிழமை வந்த போன்

"ஞாயித்துக்கெழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருவாங்களாமுங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா."

சோமனூரிலிருந்து ருக்மணி அக்கா போனில் இப்படி ஆரம்பித்தபோது, யார் வருகிறார்கள், எதை எடுத்துப்போகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் டாக்டர் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியறையில் காது கேட்கும் அளவைச் சோதித்து, கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்திக் கொடுக்கிறேன். போர்டில் ஆடியாலஜிஸ்ட் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு ரேடியோ ரிப்பேருக்கு வந்தவர்களும் உண்டு.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வெளியே எடுக்க முடிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சென்னியப்பன் விசைத்தறி வைத்திருந்தவர். முப்பது வருடம் தறி ஷெட்டுக்குள்ளேயே நின்று காதைக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் முன்னால் அவருடைய இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தியவள் நான்தான். அவரிடம் அறுநூறு சிடி இருக்கிறது. அத்தனையும் ஆங்கில ராக், ஆல்டர்நேட்டிவ். அதையெல்லாம் ரேஸ்கோர்ஸ் பக்கம் திறக்கப்போகும் ஒரு காபிக்கடைக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டார். கடைக்காரர்களுக்குப் பாட்டு வேண்டாம், அட்டைதான் வேண்டும். சுவரில் ஒட்டி அழகு பார்ப்பார்களாம்.

"ஏனுங்கக்கா, அண்ணன் இப்பப் பாட்டே கேக்கறதில்லீங்களா?"

"மெஷின் மாட்டுன நாள்ல இருந்தே கேக்கறதில்லீங்க. டிவி பாக்கறாரு, பேரன்கூட போன்ல பேசறாரு, அதெல்லாம் ஒண்ணும் கொறையில்லீங்க. பாட்டு போட்டா மட்டும் ரெண்டு நிமிசத்துல அமத்திப்போட்டு எந்திரிச்சு தோட்டத்துக்குப் போயிருவாரு. கேட்டா, வயசாயிருச்சு அம்மணி, இனி என்னத்துக்குங்கறாரு. பாட்டு இல்லாத ஊட்டுல எனக்கு இருக்கவே புடிக்கிலீங்க."

என் ஃபைலிலோ அவர் பெயருக்கு நேராக நானே என் கையால் 'பரம திருப்தி' என்று எழுதி வைத்திருந்தேன்.

2. நல்லாருக்குதுங்க

இந்த ஊரில் காது மெஷின் பொருத்துகிறவர்களுக்கென்றே ஒரு கஷ்டம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் இலையை மடித்துவிட்டு "சாப்பாடு அருமைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். என் அறையிலும் அதே கதைதான். மெஷினை மாட்டிவிட்டு "எப்படி இருக்குதுங்க?" என்பேன். "நல்லாருக்குதுங்க." "ஏதாச்சும் தொந்தரவு?" "ஒண்ணும் இல்லீங்க, உங்களுக்குத்தான் சிரமம்." அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள்.

நானும் இதே மண்ணில் பிறந்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னியப்பன் ட்ரையலுக்கு வந்தபோது அவருடைய காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமைப் பார்த்து, பேச்சு கேட்கிற மாதிரி மெஷினை செட் பண்ணி, எதிரே உட்கார்ந்து வார்த்தைகளைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். பத்துக்கு ஒன்பது சரி. இரண்டாம் தடவை வந்தபோதும் நல்லாருக்குதுங்க. மூன்றாம் தடவை ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நல்லாருக்குதுங்க. முருங்கைக்காயைப் பார்த்ததும் நான் திருப்தி என்று எழுதிவிட்டேன்.

அவர் பாட்டு கேட்பவர் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. என்னை நானே திட்டிக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

3. மெஷின் செய்த வேலை

நானே ஒரு ராக் பைத்தியம். மைசூரில் படிக்கும்போது ஹாஸ்டலில் என் அறைத்தோழி ஷில்லாங்காரி. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்திருந்தாள். முதல் வாரம் தலைவலி, இரண்டாம் வாரம் சண்டை, மூன்றாம் வாரம் அவள் ஊருக்குப் போயிருந்தபோது நானே எடுத்துப் போட்டுக் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. என் பட்டியலைப் பெயர் சொல்லி இங்கே எழுதமாட்டேன். எழுதினால் 'அதைவிட அவர்களுடைய முதல் ஆல்பம்தான் உசத்தி' என்று சண்டைக்கு வர ஆள் இருக்கிறார்கள். எனக்கும் ஷில்லாங்காரிக்கும் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதன் அட்டைப் படம்தான் பெயர். ஈரச் செருப்பு, நீலக் கதவு, உப்புக்குவியல். ஈரச் செருப்பில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கிதார் இழுத்துக்கொண்டே இருக்கும், கேட்டு முடித்தால் மழையில் பஸ்ஸுக்கு ஓடின மாதிரி மூச்சு வாங்கும். நீலக் கதவு அதற்கு நேர்மாறு. பாதி ஆல்பம் ஒருவர் முனகுவது போலத்தான் இருக்கும், ஆனால் அந்த பேஸ் கிதாருக்காக நான் சொத்தை எழுதிவைப்பேன்.

இவ்வளவு பேசுகிறவள் பல வருட சர்வீஸில் ஒரு நாளாவது காது மெஷினை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்டுப் பார்த்ததுண்டா? இல்லை. வெட்கக்கேடு.

போனை வைத்ததும் அறைக் கதவைச் சாத்தினேன். சென்னியப்பனுக்குக் கொடுத்த அதே மாடலை எடுத்து அவருடைய செட்டிங்கை ஏற்றினேன். என் காது நல்ல காது என்பதால் சத்தத்தை மட்டும் குறைத்து மாட்டிக்கொண்டு ஈரச் செருப்பைப் போட்டேன்.

கிதார் ஆரம்பித்தது. மூன்றே விநாடி. மெஷின் அதை அமுக்கிவிட்டது.

விஷயம் இதுதான். காது மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. விடாமல் ஒரே மாதிரி வருகிற சத்தத்தை அது ஃபேன், மிக்ஸி, பஸ் என்று நினைத்துக் குறைத்துவிடும். ராக் கிதாரின் கரகரப்பு அதற்கு மிக்ஸிதான். ஆயுள் முழுக்க என் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்த என் அம்மா மாதிரியே மெஷினும் செய்தது. இன்னொன்றும் உண்டு. மெஷின் தானாகவே விசில் அடிக்காமல் இருக்க உள்ளே ஃபீட்பேக் கேன்சலர் என்று ஒன்று இருக்கிறது. கிதார்க்காரர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்தால், ஐயோ நான்தான் விசிலடிக்கிறேன் போலிருக்கிறது என்று அது மிரண்டுபோய் எதிர்ச்சத்தம் போடும். சுரம் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி நெளியும். என் உயிரான அந்த இடத்தில் கிதார் கொசு மாதிரி அழுதது. பாவி மனுஷன், மூன்று மாதம் இதையா கேட்டார்! அதுவும் தன் காதுதான் செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். "மியூசிக்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கும் மேடம், அத ஆன் பண்ணி விட்டிருங்க, போதும்," என்றான். ஆன் பண்ணிப் பார்த்தேன், போதவில்லை. அவன் கேட்டுப் பார்த்த மியூசிக் வேறு போலிருக்கிறது.

ருக்மணி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன். "நாளைக்குக் காலைல அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. அவருக்கு ரொம்பப் புடிச்ச சிடிய மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

4. தடை செய்யப்பட்ட வார்த்தை

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். சென்னியப்பன் ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே பதினோரு சிடி. "அறுநூறுல இந்தப் பதினொண்ணுதாங்க நம்ம உசுரு. இது தேறலீன்னா மத்தது இருந்தென்ன, போயென்ன."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது நீலக் கதவு. கடைசியில் உப்புக்குவியல். "அடப்பாவமே! அண்ணா, இது ரெண்டும் என்கிட்டயும் இருக்குதுங்க!" என்று கத்தியே விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புடவை கட்டிக்கொண்டு காதுக்குள் டார்ச் அடிக்கிற பெண்ணிடம் இதை எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு டாக்டரம்மா போய் அம்மணி ஆகிவிட்டேன்.

காதை முழுக்க அடைக்கிற ரப்பர் டோமை மாட்டினேன். உள்ளே போன சத்தம் வெளியே கசியாவிட்டால் விசில் வராது, கேன்சலரை நிறுத்திவிடலாம். நிறுத்தினேன். சத்தத்தைக் குறைக்கிற வேலையையும் நிறுத்தினேன். பிறகு சட்டம் போட்டேன்.

"அண்ணா, இந்த ரூமுக்குள்ள நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. என்ன நல்லால்லைங்கறத மட்டும் சொல்லுங்க."

"அதெப்படீங்க அம்மணி, நீங்க இத்தன பாடுபடறீங்க..."

"சொல்லித்தொலைங்க," என்றார் ருக்மணி அக்கா. "எங்கிட்ட ரசத்துல உப்பு பத்தலீன்னா மட்டும் வாய் வருது."

நீலக் கதவைப் போட்டேன். ஒரு பாட்டு முழுக்க முகத்தில் ஒன்றுமில்லை. முடிந்ததும் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "டிரம்ஸெல்லாம் வருதுங்க... ஆனா..."

அந்த 'ஆனா'வைத்தான் நான் மூன்று மாதமாகத் தவறவிட்டிருந்தேன். "ஆனா?"

"பேஸ் கிதாரு பக்கத்து ஊட்டுல வாசிக்கறாப்ல இருக்குதுங்க. பாடறவன் மூக்கப் புடிச்சுக்கிட்டுப் பாடறான். இந்தாளு இப்படிப் பாடமாட்டானுங்க."

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். ஒரு மணி நேரம் மனுஷன் குறையாகச் சொல்லித் தள்ளினார். இவ்வளவு கூர்மையாகக் கேட்கிற காதை நான் பார்த்ததில்லை. "இடதுபக்க கிதாரு முன்னால வரோணும்." "டிரம்ஸோட கட்டயடி இன்னுங் கொஞ்சம் நெஞ்சுல உழுகோணும்." நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அலைவரிசையாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். நான்காவது சிடியில் ஒரு இடத்தில் அவர் சட்டென்று கையைத் தூக்கினார். பேசாதே என்று அர்த்தம். கிதார் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தது, நெளியவில்லை, நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ருக்மணி அக்கா முந்தானையை எடுத்துக்கொண்டார். நான் மவுஸை விடவில்லை.

மத்தியானத்துக்குள் பத்து ஆல்பம் தேறிவிட்டது. காபிக்கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கலாமுங்க, யோசிக்கலாமுங்க" என்றே இழுத்துக்கொண்டிருந்தார். அக்கா போனைப் பிடுங்கி, "ஏனுங்க தம்பி, சொவத்துக்கு வேற ஏதாச்சும் வாங்கி ஒட்டிக்குங்க, இது எங்க ஊட்டுல பாடறதுங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

5. பதினொன்றாவது

இத்தோடு நிறுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் உப்புக்குவியல் பாக்கி இருந்தது.

அது ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஆல்பம். ஒரு பெண்ணின் குரல், எங்கோ ஒரு கிதார், மீதி முழுக்க சிம்பல், டிரம்ஸோடு நிற்கும் அந்தப் பித்தளைத் தட்டு. அடிப்பதுகூட இல்லை, பிரஷ்ஷால் தடவுவது. ஆறு பாட்டும் அந்தச் சலசலப்பின் மேல்தான் மிதக்கும். ஷில்லாங்காரி எனக்குப் பிரிவுப் பரிசாகக் கொடுத்தது அதுதான். சென்னியப்பனின் பட்டியலிலும் அதற்குத்தான் முதலிடம். மிச்சமெல்லாம் சரியாகட்டும் என்று பயந்து கடைசியில் வைத்திருந்தார்.

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "அம்மணி, பொம்பளப்புள்ள பாடறது கேக்குது. பின்னால ஒண்ணுமே இல்லீங்களே."

கூட்டினேன். இன்னும் கூட்டினேன். "கரகரன்னு ஏதோ வருதுங்க. அது சிம்பல் இல்லீங்க." டோமை மாற்றினேன், அலைவரிசையை இறக்கிப் பார்த்தேன். பிறகு மவுஸை விட்டேன். தெரிந்துகொண்டே ஏமாற்றுவதில் அர்த்தமில்லை. 'போகப் போகப் பழகிரும்ங்க' என்று சொல்லி அனுப்பிவிடலாம். நாங்கள் எல்லாரும் சொல்வதுதான். அவரும் முருங்கைக்காயோடு வந்து நல்லாருக்குதுங்க என்று சொல்லியிருப்பார்.

ஆடியோகிராமை அவர் பக்கம் திருப்பினேன். "அண்ணா, இந்தக் கோடு இங்க வந்ததும் கீழ உழுந்துருது பாத்தீங்களா? சிம்பல் சத்தம் இதத் தாண்டி அக்கட்ட இருக்குது. அதக் கேக்கற நரம்பு உங்களுக்குப் போயிருச்சுங்க. எந்த மெஷினாலயும் முடியாது. என்னாலயும் முடியாது."

அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார். "தறிதானுங்களா?"

"தறிதானுங்க."

"அந்தத் தறி ஓடித்தானுங்க இந்த சிடியெல்லாம் வாங்குனேன்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு சொன்னார்: "சொல்லிப்போட்டீங்க, பரவால்லீங்க. நம்ம காது மொத்தமும் போச்சோன்னு இருந்தேன். இவ்வளவுதான் போச்சுன்னு தெரிஞ்சா அத வெச்சுக்கிட்டு இருந்துக்கலாம்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இரண்டு வார்த்தை. நல்லாருக்குதுங்களா என்று கேட்காதீர்கள், என்ன நல்லால்லை என்று கேளுங்கள். முடியாததை முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள்.

அவர் கிளம்புவார் என்று சிடியை அட்டைக்குள் வைக்கப் போனேன். என் கையைத் தடுத்தார். "அம்மணி, இது உங்ககிட்டயும் இருக்குதுன்னீங்கல்ல? நீங்க கேளுங்க. நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கறேன்."

எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். இருந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டைப் போட்டேன். முதலில் வெறும் குரல்தான். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஹெட்போனிலிருந்து எந்தச் சத்தமும் அவருக்கு எட்டாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். குரல் தணிந்தது. அப்புறம் அந்தச் சலசலப்பு வந்தது, பொடி மணல் சரிகிற மாதிரி, ரொம்ப தூரத்திலிருந்து. என்னையறியாமல் எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும்.

"வந்துருச்சுங்களா?" என்று அவர் கேட்டது உதட்டசைவில் தெரிந்தது.

வந்துவிட்டது என்று தலையாட்டினேன். அவர் விரல் மேஜைமேல் மெல்லத் தட்ட ஆரம்பித்தது. பாட்டு முடிகிறவரை ஒரு அடிகூடத் தப்பவில்லை.