வரிசையின் கடைசி வண்டிக்கு ஒரு செய்தி

என் தங்கை அன்புக்கரசி செல்போன்களுக்காக ஒரு மொழி செய்கிறாள். இதை எர்ணாவூரில் எங்கள் தெருவில் சொன்ன நாளிலிருந்து உடைந்த போன்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நல்ல தமிழில் நாலு வரி எழுதித் தரச் சொல்லி ஒருவர் வந்தார். எதிர்வீட்டு மலர்க்கொடி அக்காதான் நேராகக் கேட்டார்: "இன்னா ஜெயவேலு, இருக்கற பாஷை பத்தலியா உன் தங்கச்சிக்கு? நான் போன்ல பேசறதுக்கு இதுவே ஜாஸ்தியா கீது, எங்க வூட்டுக்காரரைக் கேளு."

நான் பத்தாவது வரை படித்துவிட்டுக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஆனாலும் அவள் செய்வது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் காட்டி, தப்பாக இருந்த இடங்களைத் திருத்தியும் வாங்கிவிட்டேன்.

இது ஆரம்பித்தது ஒரு புயல் மழையில். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கேட்டுக்கு வெளியே சாலையோரம் வரிசை கட்டி நிற்கும் என்பது வடசென்னையில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நான் வரிசையில் கடைசி. டவர்கள் எல்லாம் படுத்துவிட்டன, போனில் ஒரு கோடு கூட இல்லை. கேட்டை மூடியாகிவிட்டது, வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று முன்னால் நின்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற வண்டி நகரவில்லை, அதனால் நானும் நகரவில்லை. அதில் ஆளே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. நனைந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு ஒரு ராத்திரி முழுக்க ஆளில்லாத வண்டியின் பின்னால் க்யூவில் நின்றேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா அழுதார். அன்புக்கரசி அழவில்லை. "உன் பாக்கெட்ல போன் இருந்துச்சு. முன்னாடி வண்டிக்காரன்கிட்டயும் போன் இருந்துச்சு. நடுவுல டவரு எதுக்குண்ணா?" என்று கேட்டாள். அப்போது அவள் எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டே பிஎச்.டி.க்குப் போய்விட்டாள்.

டவர் இல்லாமலே, பக்கத்தில் இருக்கும் போனுக்குப் போன் நேராகச் செய்தியைக் கைமாற்ற முடியும். அதை அவள் கண்டுபிடிக்கவில்லை, முன்பே இருக்கிறது. கஷ்டம் அதற்கு ப்ரோக்ராம் எழுதுவதில்தான். சாதாரணமாக எழுதினால், 'இதை மஜீது பாய் போனுக்குச் சொல்' என்று எழுத வேண்டும். எங்கள் யார்டு டிரைவர் மஜீது பாய் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டால் செய்தி நடுரோட்டில் நிற்கும். என் தங்கையின் மொழியில் யார் பெயரையும் எழுத வேண்டாம். 'உனக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ அவரிடம் சொல். யாரும் இல்லையென்றால் வைத்துக்கொள், வந்ததும் சொல்' என்று எழுதினால் போதும். யார் போனார், யார் வந்தார், யார் இடம் மாறினார் என்ற தலைவலியையெல்லாம் மொழியே பார்த்துக்கொள்ளும். அதற்கு 'வரிசை' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

கம்ப்யூட்டருக்குள் அது நன்றாகவே ஓடியது. ஆனால் ஆய்வுக் குழுவில் இருந்த நர்மதா மேடம் விடவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற வண்டி சொன்னபடி கேட்கும், மனுஷங்க கேப்பாங்களா? வெளியில ஓட்டிக் காட்டுங்க. ஓடினா தீசிஸ் எழுதலாம்" என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. வெளியில் ஓட்டிக் காட்டும் நாளில் ஓடவில்லை என்றால் படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டியதுதான். அத்தனை வருஷ உழைப்பும் பெட்டிக்குள் போய்விடும்.

எங்கள் யார்டு டிரைவர்களைக் கூப்பிட்டேன். ஒருவர் கூட மறுக்கவில்லை. எல்லாருடைய போனிலும் ப்ரோக்ராமை ஏற்றிவிட்டு அன்புக்கரசி சொன்னாள்: "நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்ணா. எப்பவும் போல இருங்க. போன் மட்டும் ஆஃப் ஆவக் கூடாது. ஆஃப் ஆச்சுன்னா என் படிப்பும் ஆஃப்."

மஜீது பாய் நெஞ்சில் கை வைத்தார். "உன் படிப்பு எங்க பாக்கெட்ல கீதும்மா. கண்ணு மாதிரி பாத்துக்கறோம்."

பிரச்சினையே அதனால்தான் வந்தது.

சோதனை நாள் அன்று எங்கள் யார்டு வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. வரிசைக்கு முன்னால், கேட்டருகே, ஏஜென்ட் ஆபீஸ் லூயிஸ் ஒரு போனோடு நின்றான். கேட் திறந்ததும் அவன் பொத்தானை அழுத்த வேண்டும். 'கேட் திறந்துவிட்டது' என்ற செய்தி வண்டி வண்டியாகத் தாவி, வளைவைத் தாண்டி, கடைசியில் நிற்கும் என் வண்டிக்கு வர வேண்டும். என் கேபினில்தான் நர்மதா மேடமும் அன்புக்கரசியும் உட்காருவதாக ஏற்பாடு.

கேபினை ஷாம்பு போட்டுக் கழுவியிருந்தேன். மேடம் ஏறுவதற்கு வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்தேன். ஏறப்போனவரிடம், "மேடம், செருப்பு" என்றேன்.

"அண்ணா!" என்று தங்கை பல்லைக் கடித்தாள்.

"இன்னா அண்ணா? என் வண்டில நானே கழட்டிட்டுத்தான் ஏறுவேன்."

மேடம் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அதை ஒரு கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் பத்திரப்படுத்தினேன்.

லேப்டாப்பில் வரிசை தெரிந்தது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு பச்சைப் புள்ளி, கேட்டிலிருந்து எங்கள் வரைக்கும் மணி கோத்த மாதிரி. மேடம் தலையை ஆட்டினார். கேட் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அது அவ்வளவு சீக்கிரம் திறக்காது என்பதை நான் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை மேடம் சாப்பிட்டார். பிறகு எங்களுக்கு முன்னால் இருந்த புள்ளி அணைந்தது. அன்புக்கரசி லேப்டாப்பைத் தட்டினாள். அதற்கு முன்னால் இருந்ததும் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் எங்கள் புள்ளி மட்டும் தனியாக நின்றது.

"ப்ரோக்ராம் செத்துப்போச்சா?" என்று மேடம் கேட்டார்.

தங்கை மறுபடி லேப்டாப்பைத் தட்டினாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கீழே இறங்கி, மஜீது பாய்க்குச் சாதாரணமாகவே போன் போட்டேன். அன்றைக்கு டவர் நன்றாக இருந்தது.

"பாய்?"

"பாய் இல்ல, தப்ரேஸ் பேசறேன். போன் சார்ஜ்ல கீது."

தப்ரேஸ், கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். இன்னொரு டிரைவர் எழிலன் நம்பருக்குப் போட்டேன்.

"தப்ரேஸ்."

"எழிலன் போன் இல்லியா இது?"

"ஆமா. சார்ஜ்ல கீது."

இன்னொரு நம்பர் போட்டேன்.

"யோவ் ஜெயவேலு, வடை கருகுது எனக்கு! நீ எந்த நம்பர் போட்டாலும் நான்தான் எடுப்பேன். இன்னா வோணும்?"

"எல்லார் போனும் அங்கியா கீது?"

"ஒண்ணு வுடாம. உன் தங்கச்சி ப்ரோக்ராம் சார்ஜைக் குடிக்குதாம். ஆஃப் ஆனா அது படிப்பு பூடும்னு சொல்லி, பாதி சார்ஜ் இருக்கும்போதே எடுத்தாந்து குத்திட்டானுங்க. என் மிக்சி ஒயரைப் புடுங்கிட்டுக் குத்திக்கினுகீறானுங்கய்யா! சட்னிக்கு நான் எங்க போவேன்?"

எங்கள் யார்டில் சார்ஜர் வேலை செய்கிற கேபின் என்னுடையது ஒன்றுதான். மற்ற வண்டிகளில் ஓட்டை மட்டும் இருக்கிறது. எல்லாப் போனும் பன் அலமாரிக்கு மேலே ஒரே பலகையில் அடுக்கியிருக்க, டிரைவர்கள் அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையின் காதில் சொன்னேன். அவள் மறைக்கவில்லை, மேடத்திடம் அப்படியே சொன்னாள்.

"போன் ஆஃப் ஆகக் கூடாதுன்னு நான்தான் மேடம் சொன்னேன்."

"அதைத்தானே அவங்க செஞ்சிருக்காங்க."

"அண்ணனை அனுப்பி, எல்லாரையும் போனோட வண்டிக்கு வரச் சொல்லட்டுமா?"

"கூடாது. நாளைக்கு உங்க மொழியை ஊர் ஊரா பயன்படுத்தினா, ஒவ்வொரு டீக்கடைக்கும் உங்க அண்ணன் போய்ச் சொல்லுவாரா?"

போவேன் என்றுதான் நினைத்தேன்.

அன்புக்கரசி அந்த ஒற்றைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கரண்ட் போனால் விசிறி மறுபடி சுற்றும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதே பார்வை.

கேட் திறந்தது. லூயிஸ் பொத்தானை அழுத்தினான். டீக்கடையில் நடந்ததை தப்ரேஸ் இப்போதும் எழுந்து நின்றுதான் சொல்லுகிறார். பலகையில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியிருக்கின்றன. ஒன்று அதிர்ந்து பன் மேல் விழுந்திருக்கிறது. "கேட்டு தொறந்துட்டான்டோய்!" என்று யாரோ கத்தவும், அத்தனை பேரும் பாய்ந்து கைக்குக் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். முன்வண்டி நகரும்போது நீ வண்டியில் இல்லையென்றால் பின்னால் இருப்பவன் புகுந்துவிடுவான். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இது எதுவும் கடைசியில் இருந்த எங்களுக்குத் தெரியாது. தூரத்தில் ஆட்கள் ஓடி வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒவ்வொருவராக அவரவர் கேபினில் ஏறினார்கள். எங்களுக்கு முன்வண்டிக்காரர் மஜீது பாய். அவருடைய முழங்காலைப் பற்றி ராயபுரம் வரைக்கும் தெரியும். எல்லாரும் ஏறிய பிறகும் அவர் மட்டும் லுங்கியை ஒரு கையில், போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"வா பாய், வா பாய்" என்று முணுமுணுத்தேன். மேடமும் முன்னால் குனிந்துவிட்டார்.

அவர் இன்னும் இரண்டு டிரெய்லர் தள்ளி இருக்கும்போது என் போன் கூவியது. 'கேட் திறந்துவிட்டது.' திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து மறுபடி மணி கோத்தன.

பாய் வந்து சேர்ந்து, என் கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட இடம் கிடைத்ததும் கத்தினார்: "ஜெயவேலு... கேட்டு... தொறந்துட்டான்!"

மேடம் அவரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "செய்தியைக் கொண்டுவந்தது உங்க நெட்வொர்க்கா, இவரா?"

"இவரும் நெட்வொர்க்தான் மேடம்" என்றாள் அன்புக்கரசி. "பின்னாடி யாருமில்லாதப்போ செய்தி காத்திருக்கும். ஆள் நகர்ந்தா கூடவே நகரும். பக்கத்துல வந்ததும் தாவிடும்."

மேடம் பாயிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தார். அதன் பின்னட்டையில் எழிலனின் ஃபுட்பால் டீம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இது உங்க போனா?"

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்ய, இது எவன்துன்னு தெரிலயே!"

அப்போதுதான் தெரிந்தது, ஓடிய அவசரத்தில் பாதிப் பேர் அடுத்தவர் போனை எடுத்து வந்திருக்கிறார்கள். எழிலன் அங்கே பாயின் போனில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் "ஹலோ" சொல்வதற்குள் பாயின் மனைவி ரஹீமுன்னிசா அக்கா, மாத்திரை போடாமல் வேலைக்குப் போனதற்காக அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். பயத்தில், "போட்டுக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கிறான்.

நர்மதா மேடம் போனைப் பாயிடம் திருப்பிக் கொடுத்தார். "பெயரை வெச்சு எழுதியிருந்தா இந்தச் செய்தி இந்நேரம் எங்க போயிருக்கும்?"

"பாதி வண்டிக்குத் தப்பாப் போயிருக்கும் மேடம். இதுல போன் யாருதுன்னு மொழி கேக்கவே இல்லை. பாய் இடத்துல எது நிக்குதோ, அதுதான் அங்க."

"தீசிஸ் எழுதுங்க" என்றார் மேடம். "டீக்கடைக்கு ஒரு அத்தியாயம் வேணும். இந்த மாதிரி ஒரு குழப்பத்தை என்னால கூட யோசிச்சு வெச்சிருக்க முடியாது."

அன்புக்கரசி தலையை மட்டும் ஆட்டினாள். மேடம் திரும்பியதும் என் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். இன்னும் தழும்பு இருக்கிறது.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வரிசை நகர்ந்தது. டீக்கடை வந்ததும் வண்டியை ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்தி, முக்காலியைப் போட்டு இரண்டு பேரையும் இறக்கிவிட்டேன். அதற்கு மேல் நின்றால் நடுவில் எவனாவது புகுந்துவிடுவான், அதனால் உடனே எடுத்துவிட்டேன். கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் சீட்டுக்கு அடியில் இருந்த கவர் காலில் பட்டது.

கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே டவர் கிடைக்காது. என்ன செய்வதென்று தெரியாமல், 'வரிசை'யைத் திறந்து டைப் செய்து அனுப்பினேன். செய்தி, பெட்டியை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்த எழிலன் வண்டிக்குத் தாவி, அவனோடு கேட்டைத் தாண்டி, சாலையோரம் வெறுங்காலோடு டீ குடித்துக்கொண்டிருந்த மேடத்தின் பக்கத்தில் நின்ற அன்புக்கரசியின் போனில் போய் விழுந்தது.

'மேடம் செருப்பு பத்திரமாக இருக்கிறது. சாயங்காலம் துடைத்துக் கொண்டுவருகிறேன்.'

தீசிஸ் எழுத அனுமதிக் கடிதம் அந்த மாதமே வந்துவிட்டது. அன்புக்கரசி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். டீக்கடை அத்தியாயத்தில் தன் மிக்சியைப் பற்றியும் ஒரு வரி வர வேண்டும் என்று தப்ரேஸ் கேட்டிருக்கிறார். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.