வேலையை விடப்போறன் அண்ணை

போன வருடம் பங்குனி மாதம். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேலே இருந்த சின்னக் கணக்காளர் அலுவலகத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை விசாவில் வந்து ஐந்து வருடம் முடிந்து, எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்த கிழமை அது.

வேலை விசாவில் இருந்தவர்களுக்கு அந்த நிம்மதி தெரியும். அதுவரை எங்கள் விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். அந்த வேலை போனால் நாட்டில் இருப்பதே கேள்விக்குறியாகிவிடும். காய்ச்சலோடும் வேலைக்குப் போவோம். ஆனால் என் முதலாளி அதைச் சொல்லிப் பயமுறுத்துகிற மனுஷர் இல்லை. முன்பின் தெரியாத என்னை, என் வேலை அனுபவத்தை மட்டும் பார்த்து எடுத்தவர். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் அலைந்தபோது தானே கவுன்சிலுக்குப் போன் அடித்துக் கதைத்தவர். அதனால்தான் அவரை விட்டுப் போகிற நினைப்பே எனக்குக் குற்றமாகப் பட்டது.

எனக்கோ பஸ் ஓட்ட வேண்டும்.

சிரிக்காதீர்கள். லண்டன் வந்த புதிதில், ரெட்டைத்தட்டு பஸ்ஸை ஒரு பெண் ஒடுக்கமான வளைவொன்றில் சிரமமே இல்லாமல் திருப்பியதைப் பார்த்தேன். அன்று பிடித்த ஆசை. கணக்கு வேலையில் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அது நான் பிழைக்கத் தெரிந்த வேலை. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் எனக்கு மனம் விரியும். இந்த ஆசையைக் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். விசாவில் இருக்கும்வரை அது வெறும் பகிடிக் கதைதான்.

அனுமதி கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று மத்தியானமே அண்ணை கேக் வாங்கி வந்தார். அலுவலகத்தில் எல்லோரும் முதலாளியை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எல்லோரையும் கூட்டி வைத்து, "குட்மேய்ஸில புது ஆபீஸ் திறக்கப் போறன். அதுக்கு இனி இவதான் பொறுப்பு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் வாய் நிறையக் கேக்கோடு தலையை ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கிழக்கு லண்டனில் இருக்கும் குட்மேய்ஸுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டினார். சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டார். நான் இளம்பச்சை என்றேன்! அதற்கு முந்தின நாள்தான் பஸ் கம்பனிக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். திரும்பி வரும்போது காருக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

பஸ் கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று கேட்டவுடன், பழக்கதோஷத்தில் நான் விசா, ஸ்பொன்சர் என்று நீளமாக விளக்கத் தொடங்கினேன். எதிரே இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஸ்பொன்சர் ஒன்றும் தேவையில்லையே என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஐந்து வருடம் சுமந்தது அந்த ஒரு வசனத்தில் இறங்கிவிட்டது. வெளியே வந்து தெருவோரத்தில் நின்று அழுதேன்.

வேலை கிடைத்தது. இனி அண்ணையிடம் சொல்ல வேண்டும். "பயப்படாதையும். நேர சொல்லிப்போட்டு வாரும். சுத்தி வளைச்சாத்தான் பிழை" என்றார் கணவர்.

ஒரு திங்கட்கிழமை காலை, மற்றவர்கள் வருமுன் அவருடைய அறைக்குப் போனேன்.

"வேலையை விடப்போறன் அண்ணை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் கூப்பிட்டது? ஹரோவில இருக்கிற மற்றக் கணக்காளர் ஆபீஸ் ஆக்களோ?"

"இல்லை அண்ணை. பஸ் ஓட்டப் போறன்."

முதலில் சிரித்தார். "காலங்காத்தால பகிடி விடாதையும் பிள்ளை" என்றார். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உமக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒரு குறையும் இல்லை அண்ணை. எனக்கு விருப்பம், அவ்வளவுதான்" என்றேன். அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

விலகுமுன் வேலை செய்ய வேண்டிய ஒரு மாதமும் அவர் என்னோடு மரியாதையாகவே நடந்தார். ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. கடைசி நாள் மற்றவர்கள் எனக்குப் பூங்கொத்து தந்தபோது அவர் அறையில் இல்லை. அவசர வேலையென்று மத்தியானமே போய்விட்டாராம். ஊரிலிருந்து அம்மாவும் போனில், "இவ்வளவு படிச்சுப்போட்டு பஸ் ஓட்டுறதோ?" என்று கேட்டு என் மனதைக் கிளறிவிட்டா.

பயிற்சியும் நினைத்தபடி லேசாக இருக்கவில்லை. கார் ஓட்டத் தெரிந்ததெல்லாம் அங்கே செல்லாது. பின்சக்கரம் எங்கே போகிறது என்பதை உடம்பால் உணர வேண்டும். முதல் சோதனையில் இடப்பக்கம் திருப்பும்போது சக்கரம் நடைபாதையில் ஏறிவிட்டது. பெயில். அன்று வீட்டுக்கு வந்து, அண்ணையிடமே திரும்பிப் போய்க் கேட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். கணவர் சாப்பாட்டைப் போட்டுத் தந்து, "ஒருக்கா ஏறின சக்கரம் திரும்பவும் ஏறாது. இப்ப போய்ப் படும்" என்றார். இரண்டாவது முறை பாஸ் பண்ணினேன். சீருடை போட்டு, தனியாக முதல் பயணம் போனபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! கண்ணாடியில் பார்த்தால் பஸ் நிறையச் சனம். எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் கை.

கார்த்திகை மாதம், நல்ல மழை பெய்த ஒரு பிற்பகல். ரெய்னர்ஸ் லேன் தரிப்பிடத்தில் கதவைத் திறந்தேன். குடையை மடக்கிக்கொண்டு ஏறியவர் அண்ணை. குனிந்தபடி கட்டண இயந்திரத்தில் கார்டைத் தட்டினார்.

"வணக்கம் அண்ணை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முன்னால் இருந்த கண்ணாடித் தடுப்பில் மழைத்துளி தெறித்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரிய ஒரு கணம் எடுத்தது. பின்னால் ஆட்கள் நின்றதால் உள்ளே போய், கீழ்த்தட்டில் முன்னுக்கு இருந்த ஆசனத்தில் உட்கார்ந்தார். அவருடைய கார் பழுதாகித் திருத்துவதற்குக் கராஜில் நின்றது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் எங்கே இறங்குவார் என்று எனக்குத் தெரியும். அவருடைய வீட்டுத் தரிப்பிடம் வந்தது. கதவைத் திறந்தேன். அவர் எழும்பவில்லை. அடுத்த தரிப்பிடத்திலும் எழும்பவில்லை. நித்திரையோ என்று கண்ணாடியில் பார்த்தேன். கண் திறந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசித் தரிப்பிடத்தில் எல்லோரும் இறங்கியபின் எழும்பி வந்தார்.

"உங்கட வீடு தாண்டியிட்டுது அண்ணை" என்றேன்.

"ஓம், தெரியும். பாத்துக்கொண்டு இருந்தனான்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ரவுண்டபவுட்டில பஸ்ஸுக்குள்ள ஒரு மனுஷி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிண்டது. நீர் திருப்பேக்க அவ ஆடவே இல்லை. நல்லா ஓட்டுறீர்" என்றார்.

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவர் பக்கம் திரும்பினேன்.

"வேற ஆபீஸுக்குப் போயிருந்தீரெண்டா எனக்கு விளங்கியிருக்கும். கோவிச்சுப்போட்டு மறந்திருப்பன். இது எனக்கு விளங்கேல்லை பிள்ளை. பஸ்ஸுக்காக என்னை விட்டுட்டுப் போனதோ எண்டுதான் மனம் கிடந்து உழண்டது. இப்ப உம்மட முகத்தைப் பாக்க விளங்குது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் பஸ்ஸைக் கொண்டுபோய் ஓரமாக விட்டு, தேநீரைக் கையில் வைத்தபடி குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். நேரம் வந்ததும் திரும்புகிற பயணத்தின் முதல் தரிப்பிடத்துக்குப் பஸ்ஸைக் கொண்டுவந்தேன். மழைக்குள் குடையோடு ஒரே ஒரு ஆள் காத்துக்கொண்டு நின்றார். அண்ணைதான்.

ஏறும்போது, "வீட்டை போக வேணுமெல்லே" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு கார்டைத் தட்டினார்.

இப்போது அவருடைய கார் திருத்தி வந்துவிட்டது. குட்மேய்ஸ் அலுவலகத்தை வேறொருவர் நன்றாக நடத்துகிறார். எப்போதாவது தெருவில் என் பஸ்ஸைக் கண்டால் அண்ணை கையை உயர்த்திக் காட்டுவார். எனக்கு வாழ்க்கை தந்த ஒருவரை விட்டுப் போனால் நன்றியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். அந்த மழை நாளுக்குப் பிறகு, எனக்குப் பிடித்த வேலையைச் சந்தோஷமாகச் செய்துகொண்டே அவரை நன்றியோடு நினைக்கவும் என்னால் முடிகிறது.