மாற்றிப் படித்துச் சொன்ன கடிதம்

என் மனைவியைப் பற்றி வந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை வேண்டுமென்றே மாற்றிப் படித்துச் சொன்னேன். அவள் சாவுக்கு நான்தான் காரணம். விதி என்று யாராவது ஆறுதல் சொன்னால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் நான் ஆங்கில ஆசிரியர். பெண்களுக்கான மருத்துவ முகாமில் கர்ப்பப்பை வாயில் லேசாக வழித்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு ஆங்கிலத்தில், என் பெயருக்கு வந்தது. சோதித்தது அவளை, தகவல் புருஷனுக்கு! அனுப்பியவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் எனக்கு ஆங்கிலம் புரிந்ததே.

செல்களில் மாற்றம் தெரிகிறது, மறுபடி சோதிக்க வேண்டும், கணவரும் உடன் வரவும் என்றிருந்தது.

"என்னங்க போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கியாம்."

"அதுக்கா இம்மாம் நீளம்?" என்று சிரித்தாள். "ஒங்கள மாதிரியே வளவளன்னு எழுதறவன் போலருக்கு."

'கணவரும்' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. பயிற்சிக்காகத் திருச்சியில் தங்கிய மாதங்களில் நான் ஒழுங்காக இருக்கவில்லை. டாக்டர் துருவினால் அது வெளியே வந்துவிடும். என் மானத்துக்காகக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

இரண்டு வருடத்தில் அவளுக்கு உதிரப்போக்கு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்கள். உடலுறவில் தொற்றும் கிருமி காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அது ஒரு வைரஸ் என்பது பின்னால் உறுதியானது. யாரிடமிருந்து தொற்றியது என்று நிரூபிக்க முடியாதாம். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் பார்த்தேன். ஆனால் கடிதத்தை எரித்தது நான்தானே? படுக்கையருகே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் சோறு போட்டேனே, ஒரு நாள் கூடவா வாய் வரல?" என்றாள். பிறகு என்னிடம் பேசவில்லை.

அவள் போன பிறகு பாடாலூரில் இருந்த அவள் தங்கையிடம் போனேன். நான் செய்ததைச் சொல்லி, இது எந்தப் பெண்ணுக்கும் வரலாம், நீயும் சோதனைக்குப் போ என்றேன். அவள் புருஷன் எகிறினான்.

"சகல, ஒங்க அசிங்கத்த ஒங்களோட வச்சிக்கங்க. எம் பொண்டாட்டிய எவங்கிட்டயும் காட்ட மாட்டேன்."

"கொன்னுட்டு நிக்கிறேன்டா! நீயும் கொல்லப்போறியா?" என்று கத்தினேன்.

தங்கை எழுந்தாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. நாளைக்கு நான் போறேன். எவனும் தொணைக்கு வர வேணாம்."

போனாள். அவளுக்கும் மாற்றம் இருந்தது, ஆரம்பத்திலேயே சரிசெய்துவிட்டார்கள். இன்றும் நன்றாக இருக்கிறாள். போன மாதம் கல்லங்குறிச்சிக் கோயிலில் எதிரே வந்தவள், என்னைப் பார்த்ததும் வேறு பக்கமாகத் திரும்பிப் போனாள்.