ஓசூரில் ஓர் ஆற்றுத் திருவிழா

போன தை மாதம். காபியில் இன்னும் வாய்கூட வைக்கவில்லை, மாடி வீட்டு மஞ்சு செல்போனை நீட்டிக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தான்.

"சார், மேப்புல இந்த நீலக் கோட்டப் பாருங்க. நம்ம ஓசூர் ஆறு சார்! நேரா வசந்தி ஊருக்குப் போகுது!"

மஞ்சுநாத், தளி பக்கத்துக் கன்னடப் பையன். வசந்தி கடலூர்ப் பெண். ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிப்ட்... அப்புறம் என்ன, கல்யாணம்தான். அன்றிலிருந்து வசந்தியின் அப்பா அவளோடு பேசுவதில்லை. அம்மா மட்டும் போன் செய்வார். பின்னால் அப்பா இருமுவது கேட்கும். அந்த இருமலுக்காகவே இவள் போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள்.

தை ஐந்தாம் நாள் அவர்கள் ஊரில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் இதே பெண்ணையாற்றுக்கு வரும். மணல் முழுக்கக் கூட்டம், பலூன், முக்கியமாக, அந்தத் திருவிழாவுக்கென்றே வந்து குவியும் சிறுவள்ளிக் கிழங்கு. வருஷா வருஷம் அப்பாதான் பொறுக்கித் தருவாராம். இப்போது லீவு கிடைத்தாலும் எந்த முகத்தோடு போவது?

நானும் அந்த நீலக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். அடடா, என்ன ஆறு! நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூரின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு ஓசூருக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளியில் அணை கட்டி மறிக்கிறோம், கிருஷ்ணகிரியில் மறிக்கிறோம், சாத்தனூரில் மறுபடியும். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் காவேரிப்பட்டினமே இதன் கரையில்தான் — பெயர் மட்டும் காவேரிக்கு! எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்தது போக, மிச்சத்தோடு கடலூரில் கடல் சேர்கிறது. நமக்கு யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்தினாலே என்ன கத்து கத்துகிறோம்?

திருவிழா அன்று இருவருக்கும் மத்தியான ஷிப்ட். காலையில் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரைக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் ஸ்கூட்டரில் பின்னாலேயே. வசந்தி கற்பூரம் ஏற்றினாள். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"அம்மா, நானும் நம்ம ஆத்துலதான் நிக்கிறேன். அப்பாகிட்ட காட்டும்மா."

திரையில் மணல் ஆடியது. மேளச் சத்தம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, பாதித் தோள்.

"அவரு பேச மாட்டாருடி..." என்றார் அம்மா.

வசந்தியின் முகம் வாடிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மஞ்சு, மார்க்கெட்டில் தேடிப் பிடித்து வாங்கி வந்த கிழங்கை எடுத்து கேமராவுக்கு முன்னால் நீட்டினான்.

"மாமா... கெழங்கு!"

பாதித் தோள் சட்டென்று முழு முகமானது.

"என்னாது அது? சக்கரவள்ளிய வாங்கியாந்து காட்றான்! சிறுவள்ளி அப்பிடியா இருக்கும்?"

அப்பா இருமினார்.

"ஒன் வூட்டுக்காரனுக்குக் கெழங்கு பாக்கத் தெரியல வசந்தி. அடுத்த வருசம் ரெண்டு பேரும் வாங்க. நான் பொறுக்கிக் காட்றேன்."

வசந்தி போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மறைப்பானேன்? மஞ்சுவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோய் என்னிடம் கேட்டான்.

"சார், மாமா திட்டினாரா?"

திட்டினார்ப்பா. மாப்பிள்ளையைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவார்?